சொர்க்கப் பறவைச் செடி: பூவைப் பார்க்கும் முன் கணக்கைப் பார்ப்போம்



கொஞ்ச காலமாக ஊராட்சி அளவிலான கூட்டமைப்புக் கூட்டங்களுக்கு நாங்கள் போகும்போதெல்லாம் ஒரு கேள்வி வருகிறது. "மேடம், பாரடைஸ் செடின்னு ஒண்ணு சொல்றாங்களே, அதை வச்சா நல்ல வருமானம் வருமா?" என்று கேட்கிறார்கள். சில ஊர்களில் செடி விற்பவர்கள் செல்போனில் பூவின் படத்தைக் காட்டி, "கல்யாண மண்டபத்துல இந்தப் பூவுக்கு நல்ல விலை, குழுவுல லோன் எடுத்து வைங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். படத்தில் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். அழகான பூதான், மறுக்கவே முடியாது.

ஆனால் லோன் என்பது பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து தலையில் ஏற்றிக்கொள்ளும் சுமை. அதனால் இந்தச் செடி எந்த ஊர்ச் செடி, எப்படி வளரும், எப்போது பூக்கும், எதற்கு விற்கும் என்று முதலில் தெரிந்துகொள்வோம். அதற்குப் பிறகு வைக்கலாமா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

எந்த ஊர்ச் செடி இது?

இதன் சொந்த ஊர் ஆப்பிரிக்கா கண்டத்தின் தெற்கு முனை. ஸ்ட்ரெலிட்ஸியா என்பது இந்தச் செடிக் குடும்பத்தின் பெயர். இதில் மொத்தம் 5 வகைகள் உண்டு. ஐந்துமே தென்னாப்பிரிக்காவிலும் அதை ஒட்டிய நாடுகளிலும் மட்டும்தான் தானாக வளர்கின்றன. மற்ற நாடுகளில் இருப்பதெல்லாம் கொண்டுபோய் நட்டவை.

இந்த ஐந்தில் பெரிய வகைக்கு ஸ்ட்ரெலிட்ஸியா நிக்கோலாய் என்று பெயர். இதைத்தான் ராட்சத சொர்க்கப் பறவைச் செடி என்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கடற்கரையில், கடலோர மணல் மேட்டுக் காடுகளிலும் ஆற்றோரங்களிலும் கூட்டம் கூட்டமாக நிற்கும். அங்கிருந்து மொசாம்பிக் நாடு வரைக்கும் உண்டு. டர்பன் நகரம் இருக்கும் நேட்டால் கடற்கரை இதற்குச் சொந்த மண். அந்த ஊர்க்காரர்கள் இதை "நேட்டால் காட்டு வாழை" என்று சொல்வார்கள்.

நேட்டால் என்றதும் நம்மில் சிலருக்கு ஞாபகம் வரலாம். 1860ஆம் ஆண்டு சென்னையிலிருந்து கப்பல் ஏறி, கரும்புத் தோட்ட வேலைக்கு நம் மக்கள் போய் இறங்கியது அந்தக் கடற்கரையில்தான். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்றும் அங்கே இருக்கிறார்கள்.

அந்த ஊர் மக்களுக்கு இது அழகுச் செடி மட்டும் இல்லை. காய்ந்த இலைக் காம்பைக் கிழித்துக் கயிறாகத் திரிப்பார்கள். குடிசை கட்டவும் மீன் பிடிக்கும் அடைப்பு கட்டவும் அந்தக் கயிறு உதவும். நாம் வாழை நாரை எடுத்துப் பூ கட்டுகிறோம் இல்லையா, அது மாதிரிதான்.

வாழைக்குச் சொந்தக்காரி

இந்தச் செடியை முதல் முறை பார்த்தால் வாழை என்றே நினைத்துவிடுவோம். ஒவ்வொரு இலையும் 6 அடி நீளம் வரை இருக்கும். காற்று அடித்தால் வாழை இலை மாதிரியே கிழியும். கிழிவதால் செடிக்குக் கெடுதல் இல்லை. கிழிந்த இலை வழியாகக் காற்று போய்விடுவதால் மரம் சாயாமல் நிற்கும்.

உண்மையில் இரண்டும் சொந்தம்தான். வாழை, மஞ்சள், இஞ்சி, கல்வாழை, சொர்க்கப் பறவை எல்லாம் ஒரே பெரிய வம்சம். நம் வீட்டு மஞ்சள் கொத்துக்கும் நேட்டால் காட்டு வாழைக்கும் தூரத்து உறவு உண்டு. ஆனால் சாப்பிடுகிற வாழைப்பழம் இதில் வராது. காய் கட்டை மாதிரி கெட்டியாக இருக்கும்.

வாழைக்கும் இதற்கும் இன்னொரு வித்தியாசமும் உண்டு. வாழைக்குத் தண்டு என்று நாம் சொல்வது இலை உறைகள் ஒன்றன் மேல் ஒன்று சுற்றியது. ஒரு தார் போட்டதும் அந்த மரம் முடிந்துபோகும். இந்தச் செடிக்கு நிஜமான மரத்தண்டு உண்டு. வருஷா வருஷம் உயரும், பக்கத்தில் கன்று விட்டுப் புதராகும். நல்ல மண்ணும் தண்ணீரும் கிடைத்தால் 40 அடி வரைகூடப் போகும். "அழகுக்கு ஒரு செடி" என்று வாசலை ஒட்டி வைத்தவர்கள் சில வருஷத்தில் ஓடு இடிக்கிறது என்று வெட்ட வேண்டியிருக்கும்.

பூ எப்படி இருக்கும்?

இலைக் காம்புகளுக்கு நடுவிலிருந்து, கருநீல நிறத்தில், படகு மாதிரி ஒரு கெட்டி மடல் வெளியே நீளும். ஒரு பறவையின் அலகு போல இருக்கும். அந்த மடலுக்குள்ளிருந்து வெள்ளை இதழ்கள் கொண்டை மாதிரி மேலே எழும்பும். நடுவில் நீல நிறத்தில் அம்பு போல ஒரு நாக்கு. எல்லாம் சேர்த்துப் பார்த்தால் கொண்டை வைத்த பறவை ஒன்று தலையை நீட்டுவது போல இருக்கும். பெரிய வகையில் ஒரு படகுக்கு மேல் இன்னொரு படகு என்று அடுக்காகவும் வரும்.

சொர்க்கப் பறவை என்பது நிஜமாகவே ஒரு பறவையின் பெயர். அந்தப் பறவை நியூகினியா தீவுப் பக்கம் வாழ்கிறது, ஆப்பிரிக்காவில் இல்லை. பூவின் சாயல் பார்த்து வெளிநாட்டுக்காரர்கள் அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். இதையே கொக்குப் பூ என்று சொல்பவர்களும் உண்டு.

ஸ்ட்ரெலிட்ஸியா என்ற பெயர் எப்படி வந்தது என்று கேட்டால் அதற்கும் ஒரு கதை உண்டு. இங்கிலாந்து அரசர் மூன்றாம் ஜார்ஜின் மனைவி சார்லட் ராணி பிறந்த அரச குடும்பம் ஜெர்மனியில் மெக்லன்பர்க்-ஸ்ட்ரெலிட்ஸ். பிரான்சிஸ் மேசன் என்ற செடி சேகரிப்பாளர் 1773 வாக்கில் தென்னாப்பிரிக்காவிலிருந்து ஆரஞ்சு நிற வகையை லண்டன் கியூ தோட்டத்துக்கு அனுப்பினார். பிறகு அதற்கு ராணியின் பிறந்த வீட்டுப் பெயரை வைத்தார்கள். பெரிய வகைக்கு 1858இல் ரஷ்ய அரச குடும்பத்து நிக்கோலாய் பெயரை வைத்தார்கள். அந்தச் செடியைத் தினமும் பார்த்து, கயிறு திரித்து வாழ்ந்த ஜனங்களின் பெயர் எதுவும் அதில் இல்லை.

தேன்சிட்டு உட்காரும் திண்ணை

இந்தப் பூவில் தேன் நிறைய ஊறும். தேன்சிட்டுகள் தேன் குடிக்க வரும். பூவின் நீல நாக்கு ஒரு திண்ணை மாதிரி. சிட்டு அதில் உட்கார்ந்ததும் அதன் கனத்தில் நாக்கு பிளந்து, உள்ளே இருக்கும் மகரந்தம் சிட்டின் காலிலும் உடம்பிலும் ஒட்டிக்கொள்ளும். சிட்டு அடுத்த பூவுக்குப் போகும்போது மகரந்தமும் கூடவே போகும். அப்படித்தான் காய் பிடிக்கிறது.

இதை ஏன் சொல்கிறோம் என்றால், பழக்கப்பட்ட பறவை இல்லாத இடத்தில் பூ பூத்தாலும் பல நேரம் காய் பிடிக்காது. விதை வேண்டும் என்றால் கையால் மகரந்தம் தடவிவிட வேண்டும். விதை சுலபமாகக் கிடைக்கும், அதை முளைக்க வைத்து விற்கலாம் என்று கணக்குப் போடுபவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

விதையில் ஒரு அதிசயம், கூடவே ஒரு எச்சரிக்கை

காய் முற்றினால் வெடிக்கும். உள்ளே கருப்பு நிறத்தில், பட்டாணி அளவில் விதைகள் இருக்கும். ஒவ்வொரு விதைக்கும் தலையில் பளிச்சென்று ஆரஞ்சு நிறக் குஞ்சம் இருக்கும். பொதுவாகப் பூவோ இலையோ காய்ந்தால் நிறம் மங்கிவிடும். இந்தக் குஞ்சத்தின் நிறம் மட்டும் பல வருஷம் ஆனாலும் மங்காது.

ஏன் என்று அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உள்ள ஆராய்ச்சியாளர்கள் சோதித்தார்கள். 2009இல் அவர்கள் சொன்ன விஷயம் எல்லோரையும் ஆச்சரியப்படுத்தியது. அந்த நிறம் பிலிருபின் என்ற பொருளால் வருகிறது. பிலிருபின் என்ற பெயரை நம்மில் பல தாய்மார்கள் ஆஸ்பத்திரியில் கேட்டிருப்பார்கள். நம் உடம்பில் பழைய ரத்த அணுக்கள் உடையும்போது உண்டாகும் மஞ்சள் பொருள் அது. அதைக் கல்லீரல் வெளியேற்ற வேண்டும். வெளியேற்ற முடியாமல் தேங்கினால் கண்ணும் தோலும் மஞ்சளாகும். அதுதான் மஞ்சள் காமாலை. பிறந்த குழந்தைக்குக் கல்லீரல் முழு பலத்துக்கு வராததால் முதல் வாரத்தில் பல குழந்தைகளுக்கு மஞ்சள் தெரியும். அளவு கூடினால் ஆஸ்பத்திரியில் நீல வெளிச்சத்தில் படுக்க வைப்பார்கள்.

அதுவரை பிலிருபின் மனிதர், மிருகம் உடம்பில் மட்டும்தான் உண்டாகும் என்று நினைத்திருந்தார்கள். ஒரு செடியில் முதன்முதலாகக் கண்டது இந்த ராட்சத சொர்க்கப் பறவையின் விதையில்தான்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். "காமாலை மஞ்சள் இந்த விதையில இருக்குன்னா, இது காமாலைக்கு மருந்தா?" என்று யாராவது கேட்கலாம். இல்லீங்க. காமாலையில் பிலிருபின் உடம்பில் அதிகமாக இருப்பதுதான் பிரச்சினை. அதே பொருள் உள்ள விதையைத் தின்றால் எப்படிக் குறையும்? இந்தச் செடியின் விதையும் காயும் வயிற்றைப் புரட்டி வாந்தி எடுக்க வைக்கலாம். குழந்தைகள் வாயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆடு, நாய்க்கும் எட்டாமல் வையுங்கள். பிறந்த குழந்தையின் உடம்பு மஞ்சளாகத் தெரிந்தால் வீட்டு வைத்தியம் பார்த்து நாள் கடத்தாமல் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள்.

ஒரே பெயர், நாலைந்து செடிகள்

ஏமாற்றம் அதிகம் நடக்கும் இடம் இதுதான். "பாரடைஸ்" என்ற ஒரே பெயரில் பல செடிகளை விற்கிறார்கள். வித்தியாசம் தெரிந்துகொள்வோம்.

1. பெரிய வெள்ளைப் பூ வகை (நிக்கோலாய்). மரமாக உயரும். வாழை மாதிரி அகன்ற, பளபளப்பான இலை. வெள்ளையும் நீலமும் கலந்த பூ. பூ இலைகளுக்கு நடுவில், உயரத்தில், குட்டைக் காம்பில் வரும். கனமாக இருக்கும், பிசுபிசுவென்று தேன் வடியும். பூங்கொத்துக்கு இது ஏற்றது இல்லை. இலை அழகுக்கும் பெரிய தோட்ட அலங்காரத்துக்கும்தான் ஏற்றது.

2. சிறிய ஆரஞ்சுப் பூ வகை (ரெஜினே). தண்டு கிடையாது. 4, 5 அடி உயரத்துக்குப் புதராக நிற்கும். இலை ஒடுக்கமாக, தடிப்பாக, கொஞ்சம் சாம்பல் பூத்த பச்சையாக இருக்கும். நீளமான காம்பில் ஆரஞ்சும் நீலமும் கலந்த பூ. மண்டப மேடையிலும் பூங்கொத்திலும் நாம் பார்ப்பது இதைத்தான். வெட்டிய பிறகு தண்ணீரில் வைத்தால் ஒரு வாரத்துக்கு மேல் தாங்கும்.

3. ஹெலிகோனியா. சிவப்பு, மஞ்சள் நிறத்தில் படகுப் படகாகத் தொங்கும், அல்லது நிமிர்ந்து நிற்கும். இது வேறு குடும்பம். இதற்குப் பொய்ச் சொர்க்கப் பறவை என்றே ஒரு பெயர் உண்டு.

4. விசிறி வாழை. மடகாஸ்கர் தீவுச் செடி. விசிறியை விரித்து வைத்தது போல இலைகள் ஒரே வரிசையில் நிற்கும். ஹோட்டல், பங்களா முன்னால் பார்த்திருப்பீர்கள். பெரிய சொர்க்கப் பறவைக்கு நெருங்கிய சொந்தம். சின்னக் கன்றாக இருக்கும்போது இரண்டையும் பிரித்துச் சொல்வது கஷ்டம்.

5. இன்னொரு வேடிக்கை. நம்ம ஊர் வேலியோரம் நிற்கும் மயில்கொன்றைக்கும் அமெரிக்காவில் சில இடங்களில் சொர்க்கப் பறவை என்றுதான் பெயர்!

ஆகவே பெயரை நம்பி வாங்காதீர்கள். பூத்திருக்கும் தாய்ச் செடியைக் காட்டச் சொல்லுங்கள். "படத்துல இருக்கிற மாதிரியே வரும்" என்று வாயால் சொன்னால் போதாது. படத்தில் ஆரஞ்சுப் பூவைக் காட்டிவிட்டு வெள்ளைப் பூ வகையின் கன்றைக் கொடுத்தால், வருஷக்கணக்காக வளர்த்த பிறகுதான் நமக்கே தெரியவரும்.

வளர்க்கும் முறை

வளர்ப்பது கஷ்டமான செடி இல்லை. ஆனால் மெதுவாக வளரும் செடி.

இடம்: நல்ல வெயில் வேண்டும். ரொம்பக் காய்கிற ஊரில் சின்னக் கன்றுக்கு மதிய நேர நிழல் நல்லது. கடலோர உப்புக் காற்றைத் தாங்கும். கடும் பனியைத் தாங்காது. பெரிய வகையின் வேர் பலமாகப் பரவும். அதனால் சுவர், கழிவறைத் தொட்டி, தண்ணீர்க் குழாய், சிமெண்ட் தரை இவற்றிலிருந்து 10 அடியாவது தள்ளி நடுங்கள்.

மண்: தண்ணீர் தேங்கக் கூடாது. தேங்கினால் வேர் அழுகும். களிமண் என்றால் மணலும் மக்கிய தொழு உரமும் கலந்து மேடாக்கி நடுங்கள். மண்புழு உரம் தயாரிக்கும் குழுக்கள் அதையே போடலாம்.

தண்ணீர்: முதல் இரண்டு வருஷம் முறையாக ஊற்ற வேண்டும். வேர் பிடித்த பிறகு கொஞ்சம் வறட்சி தாங்கும். பாத்திரம் கழுவும் தண்ணீரில் சோப்புக் காரம் அதிகம் இருந்தால் இலை நுனி கருகும், கவனம்.

பூச்சி: மாவுப்பூச்சியும் செதில் பூச்சியும் இலைக் காம்பின் இடுக்கில் சேரும். ஆரம்பத்திலேயே ஈரத் துணியால் துடைத்துவிட்டு வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்தால் போதும்.

விதையிலிருந்து: ஆரஞ்சுக் குஞ்சத்தை எடுத்துவிட்டு விதையை ஒன்று இரண்டு நாள் தண்ணீரில் ஊறவைத்து, அரை அங்குல ஆழத்தில் ஊன்ற வேண்டும். முளைக்க ஒரு மாதம் முதல் மூன்று மாதம் வரை, சில நேரம் அதற்கு மேலும் ஆகும். ஆரஞ்சு வகை விதையிலிருந்து வந்தால் முதல் பூ பார்க்க 3 முதல் 5 வருஷம். பெரிய வெள்ளை வகைக்கு அதைவிட அதிகப் பொறுமை வேண்டும்.

பக்கக் கன்றிலிருந்து: வளர்ந்த புதரைப் பிரித்து வேரோடு எடுத்த கன்றை நட்டால் ஆரஞ்சு வகை ஒன்றிரண்டு வருஷத்தில் பூக்கலாம். அதனால் வாங்கும்போது "விதைக் கன்றா, பிரித்த கன்றா?" என்று கட்டாயம் கேளுங்கள். இந்த ஒரு கேள்வி உங்களுக்கு இரண்டு மூன்று வருஷத்தை மிச்சப்படுத்தும்.

எவ்வளவு மெதுவான செடி என்பதற்கு ஒரு உதாரணம். கேப்டவுன் நகரத்தில் கிர்ஸ்டன்பாஷ் என்று பெரிய தாவரவியல் பூங்கா இருக்கிறது. ஆரஞ்சு வகையில் எப்போதாவது மஞ்சள் பூ விடும் செடி தோன்றும். அந்தச் சில செடிகளை வைத்து, கையால் மகரந்தம் தடவி, விதை எடுத்து, போதுமான அளவு பெருக்க அவர்களுக்குக் கிட்டத்தட்ட 20 வருஷம் ஆனது. நடுவில் அணில்கள் வேறு விதையைத் தின்றுவிடும் என்று பூவுக்குக் கம்பி வலை கட்ட வேண்டியிருந்தது. அந்த மஞ்சள் வகைக்கு 1996இல் நெல்சன் மண்டேலா பெயரை வைத்து "மண்டேலாவின் தங்கம்" என்று அழைத்தார்கள். படித்த விஞ்ஞானிகளும் சம்பளத் தோட்டக்காரர்களும் இருந்த இடத்திலேயே அவ்வளவு காலம்!

இப்போது கணக்குக்கு வருவோம்

ஒரு குழு 200 கன்று வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். விலை ஊருக்கு ஊர் மாறும். கணக்குக்காக ஒரு கன்று 150 ரூபாய் என்று எடுத்துக்கொள்வோம். 200 கன்றுக்கு 30,000 ரூபாய். குழி, உரம், வண்டி வாடகை, கூலி எல்லாம் சேர்த்து 10,000 ரூபாய். ஆக மொத்தம் 40,000 ரூபாய் லோன்.

100 ரூபாய்க்கு மாதம் 1 ரூபாய் வட்டி என்றால் முதல் மாத வட்டி 400 ரூபாய். லோனை 24 மாதத் தவணையில் கட்ட வேண்டும் என்றால் அசல் மட்டும் மாதம் சுமார் 1,667 ரூபாய். முதல் மாதம் வட்டியும் சேர்த்து 2,067 ரூபாய் கட்ட வேண்டும். அசல் குறையக் குறைய வட்டியும் குறையும். ஆனாலும் முதல் மாதத்திலிருந்தே தவணை ஆரம்பித்துவிடும்.

செடி என்ன செய்யும்? விதைக் கன்றாக இருந்தால் 3 வருஷம் கழித்துத்தான் முதல் பூவையே காட்டும். அதாவது 24 மாதத் தவணையும் கட்டி முடிந்திருக்கும், பூ இன்னும் வந்திருக்காது. அந்த இரண்டு வருஷத் தவணையும் உங்கள் கூலியிலிருந்தும், பால் காசிலிருந்தும், நூறு நாள் வேலைக் காசிலிருந்தும்தான் போக வேண்டும். ஒருத்தி கட்ட முடியாமல் போனால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும். குழுவுக்குள் மனஸ்தாபம் அங்கேதான் தொடங்குகிறது.

இதையே நம்ம ஊர்ப் பூக்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சம்பங்கிக் கிழங்கு ஊன்றினால் மூன்று நான்கு மாதத்தில் பூ. கனகாம்பரமும் சில மாதத்திலேயே வரும். பூவைக் கட்டிக் கோவில் வாசலில் விற்றாலும் விற்றுவிடலாம். சொர்க்கப் பறவைப் பூவை அப்படி விற்க முடியாது. தலையில் வைக்கிற பூ இல்லை, சாமிக்குப் போடுகிற பூவும் இல்லை. நகரத்துப் பூக்கடைக்காரரும் மேடை அலங்காரக்காரரும் வாங்கினால்தான் உண்டு. அவர்களும் பெரும்பாலும் முகூர்த்த மாதங்களில்தான் கேட்பார்கள்.

"அப்படின்னா வைக்கவே கூடாதா?" என்று கேட்டால், அப்படியும் நாங்கள் சொல்லவில்லை. மூன்று வழிகளில் இதைப் பயன்படுத்தலாம்.

முதல் வழி: ஏற்கெனவே தண்ணீர் பாயும் தோட்டத்தின் வரப்போரத்தில், லோன் எடுக்காமல், நாலைந்து கன்று மட்டும் வைத்துப் பாருங்கள். நம் மண்ணுக்கு வருகிறதா, பூக்கிறதா என்று உங்கள் கண்ணே சொல்லும். பிடித்துவிட்டால் அதன் பக்கக் கன்றையே பிரித்துப் பெருக்கலாம்.

இரண்டாவது வழி: நர்சரி நடத்தும் குழுக்கள் பெரிய வகையைத் தொட்டியில் வளர்த்து விற்கலாம். நகரங்களில் ஆபீஸிலும் வீட்டுக்குள்ளும் இலை அழகுக்காகவே இதை வாங்கி வைக்கிறார்கள். வீட்டுக்குள் வைத்தால் பூப்பது அபூர்வம். வாங்குபவர்கள் இலைக்காகத்தான் வாங்குகிறார்கள். அதனால் பூ வரும் வரை நாம் காத்திருக்கத் தேவையில்லை.

மூன்றாவது வழி: இலை. இரண்டு வகை இலைகளும் மேடை அலங்காரத்துக்குப் பயன்படும். ஆனால் கிழியாத இலைக்குத்தான் மதிப்பு. காற்று அதிகம் அடிக்கும் ஊர்களுக்கு இது சரிவராது.

"நாங்களே திரும்ப வாங்கிக்கிறோம்" என்றால்

சில பேர் கன்றை விற்கும்போதே, "பூவை நாங்களே எடுத்துக்கிறோம், கவலைப்படாதீங்க" என்பார்கள். இந்த வார்த்தை நமக்குப் புதுசு இல்லை. ஈமு கோழி ஞாபகம் இருக்கிறதா? குஞ்சு தருகிறோம், தீவனம் தருகிறோம், மாதா மாதம் பணமும் தருகிறோம் என்றார்கள். 2012இல் பெருந்துறைப் பக்கம் அந்தக் கம்பெனிகள் நொடித்தபோது ஆயிரக்கணக்கானவர்கள் போட்ட பணத்துக்கு அலைந்தார்கள். தீவனம் இல்லாமல் கோழிகளும் செத்தன. ஈமு நல்ல பறவைதான். அதை வாங்க ஆள் இல்லாததுதான் பிரச்சினை.

இந்தச் செடி விற்பவர்கள் எல்லோரும் அப்படி என்று நாங்கள் சொல்லவில்லை. நேர்மையான நர்சரிக்காரர்கள் நிறைய இருக்கிறார்கள். நேர்மையானவர் நீங்கள் கேட்கும் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். எழுதிக் கொடுக்கத் தயங்கவும் மாட்டார்.

குழுக் கூட்டத்தில் பேச வேண்டியவை

தீர்மானம் போடுவதற்கு முன்னால் ஊக்குநர் இந்தக் கேள்விகளை வாசிக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் பதில் கிடைத்த பிறகு மினிட் புத்தகத்தில் எழுதுங்கள்.

1. இது ஆரஞ்சுப் பூ வகையா, வெள்ளைப் பூ வகையா? தாய்ச் செடியைப் பூவோடு யார் நேரில் பார்த்தது?

2. விதைக் கன்றா, பிரித்த கன்றா? எத்தனை மாதக் கன்று?

3. முதல் பூ எப்போது வரும்? அதுவரை தவணைக்குப் பணம் எங்கிருந்து?

4. யார் வாங்குவார்கள்? பக்கத்து நகரத்தில் இரண்டு பூக்கடைக்காரரையாவது நம் உறுப்பினர்களே நேரில் கேட்டார்களா?

5. திரும்ப வாங்குவதாகச் சொன்னால் எழுத்தில் இருக்கிறதா? விலை, தேதி, கையெழுத்து, முகவரி இருக்கிறதா? வாங்காவிட்டால் என்ன என்று எழுதியிருக்கிறதா?

6. கோடையில் தண்ணீர் இருக்குமா? நிலம் யார் பெயரில்? குத்தகை நிலம் என்றால் பூ வரும் வரை குத்தகை இருக்குமா?

7. தோட்டக்கலை உதவி அலுவலரையோ வேளாண் அறிவியல் நிலையத்தையோ கேட்டாயிற்றா?

ஆறாவது கேள்வியை நிறைய குழுக்கள் விட்டுவிடுகின்றன. 3 வருஷம் கழித்துப் பூக்கும் செடியை ஒரு வருஷக் குத்தகை நிலத்தில் நட்டால், பூ நிலத்துக்காரருக்குத்தான்.

இதில் ஒரு கேள்விக்குக்கூட "தெரியலை"ன்னு பதில் வந்தால், அந்த மாதம் தீர்மானம் போட வேண்டாம். அடுத்த மாதம் வரைக்கும் பொறுங்கள், அதற்குள் விசாரியுங்கள். "இன்னைக்கே அட்வான்ஸ் கொடுத்தாத்தான் இந்த விலை" என்று யாராவது அவசரப்படுத்தினால் நீங்கள் இன்னும் நிதானமாக இருங்கள். பல வருஷம் காத்திருந்து பூக்கிற செடிக்கு ஒரு மாதம் தள்ளி முடிவெடுப்பதால் எந்த நஷ்டமும் வந்துவிடாது.

ஏற்கெனவே யார் வீட்டுத் தோட்டத்திலாவது இந்தச் செடி பூத்திருந்தால், எந்த வகை, நட்டு எத்தனை வருஷத்தில் பூத்தது என்று அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்தில் சொல்லுங்கள். உங்கள் அனுபவம் மற்ற குழுக்களுக்கு உதவும்.